குறியில்லாத சிதறல்: டார்வினை வருத்திய ஓர் ஆங்கிலத் தொடர்

1. கடிதமும் தொடரும்

1859 நவம்பர் 24 அன்று சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' லண்டனில் வெளிவந்தது. முதல் பதிப்பு 1,250 படிகள். தாம் மதித்த சிலருக்கு டார்வின் அன்பளிப்புப் படிகள் அனுப்பினார். அவர்களில் ஒருவர் ஜான் ஹெர்ஷெல். வானியலாளர், கணித அறிஞர், வேதியியலர், ஒளிப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். அறிவியல் முறை பற்றி அன்றைய இங்கிலாந்து பெரிதும் போற்றிய நூலின் ஆசிரியர். டிசம்பரில் நிலவியலாளர் சார்லஸ் லயலுக்கு எழுதிய கடிதத்தில், சுற்றுவழியாகத் தன் காதுக்கு வந்த ஒரு சேதியை டார்வின் வருத்தத்தோடு சொல்கிறார். தன் நூலை 'ஹிக்கல்டி-பிக்கல்டி விதி' என்று ஹெர்ஷெல் சொன்னாராம். அதன் சரியான பொருள் தனக்கு விளங்கவில்லை என்றும், மிகுந்த இகழ்ச்சி என்பது மட்டும் தெரிகிறது என்றும், உண்மையானால் அது பெரிய அடி என்றும் எழுதுகிறார்.

இறைந்தும் ஒழுங்கற்றும் கிடக்கும் பொருள்களைக் குறிக்க ஆங்கிலப் பேச்சில் வழங்கும் தொடர் அது. நாம் தாறுமாறு, கன்னாபின்னா என்று சொல்லும் இடங்களில் ஆங்கிலேயர் அதைச் சொல்வார்கள். ஜான் ஃப்ளோரியோ 1598இல் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியிலேயே அது இடம்பெற்றுவிட்டது. பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும் காட்சியிலிருந்து பிறந்திருக்கலாம் என்று சொல்வதுண்டு. வெறும் ஓசை இயைபில் பிறந்திருக்கவும் கூடும். எப்படியானாலும் அது வீட்டுப் பேச்சின் தொடர், குழந்தைப் பாடலின் தொடர். அதோடு 'விதி' என்ற சொல்லைச் சேர்த்ததில்தான் ஹெர்ஷெலின் அடி விழுகிறது. நியூட்டனின் நாட்டில் 'இயற்கை விதி' என்பது அறிஞர்கள் எழுந்து நின்று உச்சரிக்கும் சொல். கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிட்டவர் ஒருவர், உயிர்களின் ஓட்டத்தை விளக்க வந்த நூலை விதியென்ற பெயரில் வந்த விதியின்மை என்று ஒதுக்கியதாகவே டார்வின் அதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். அந்தத் தொடரால் ஹெர்ஷெல் எதை மறுத்தார்? சிதறிக் கிடப்பதற்கு விதி கிடையாது என்று அவர் நம்பினார் என்பது வழக்கமான பதில். அது தவறு என்பது என் வாதம். சிதறலுக்கு விதி உண்டு என்பதை அன்றைய இங்கிலாந்தில் அவரளவுக்கு அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவரால் ஏற்க முடியாமல் போனது வேறொன்று.

2. இதுவரையிலான வாசிப்புகள்

முதலில் சான்றின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நமக்குக் கிடைத்திருப்பது டார்வின் கேள்விப்பட்டு எழுதிய வரி. நாவிலிருந்து காதுக்கும் காதிலிருந்து கடிதத்துக்கும் வந்த சொல் அது. அந்த ஒரு தொடரின்மேல் பெரிய மாளிகை கட்ட முடியாது. ஆனால் ஹெர்ஷெல் தம் கைப்பட எழுதி அச்சிட்டவை இரண்டு இருக்கின்றன: 1850இல் வந்த ஒரு மதிப்புரை, 1861இல் வந்த ஒரு குறிப்பு. தொடரை இவ்விரண்டுக்கும் நடுவில் வைத்துப் படிக்கும்போது அதன் பொருள் ஓரளவு உறுதிப்படுகிறது.

அறிஞர்கள் இத்தொடரை மூன்று வகையில் வாசித்திருக்கிறார்கள். ஒன்று, மூத்த தலைமுறை புதிய கருத்தை ஏளனம் செய்தது என்ற வாசிப்பு. பொதுவாசகர்களுக்கான டார்வின் வரலாறுகளில் இதுவே அடிக்கடி காணக்கிடைக்கிறது. இதில் விளக்கம் குறைவு. இரண்டாவது, சமய வாசிப்பு. அணுக்கள்கூடச் செய்துவைத்த பொருள்களின் தன்மை உடையவை என்று 1830இல் வந்த தம் நூலில் எழுதியவர் ஹெர்ஷெல். படைப்பில் நோக்கம் உண்டு என்ற நம்பிக்கை அவருக்கு உறுதியாக இருந்தது. ஆகவே நோக்கமற்ற பரிணாமத்தை அவர் வெறுத்தார் என்பது இவ்வாசிப்பு. மூன்றாவது, அறிவியல் முறை சார்ந்த வாசிப்பு. 1970களில் மைக்கேல் ரூஸ், எம். ஜே. எஸ். ஹாட்ஜ் ஆகியோர் டார்வினின் நூல் ஹெர்ஷெலின் 'மெய்க்காரணம்' (விளக்கத்தில் வரும் காரணம் இயற்கையில் உண்மையாகவே செயல்படுவது என்று தனிச் சான்று வேண்டும்) என்ற அளவுகோலை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்று காட்டினார்கள். எந்த அளவுகோலுக்காக நூல் எழுதப்பட்டதோ அதன் உரிமையாளரே அதை நிராகரித்தார் என்பதால் அடி வலித்தது.

சமய வாசிப்பை முழுதாகத் தள்ள முடியாது. ஆனால் அது போதாது. 1836 பிப்ரவரியில், தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து லயலுக்கு எழுதிய கடிதத்தில், அழிந்த இனங்களின் இடத்தில் புதிய இனங்கள் தோன்றுவதை மறைபொருள்களுக்கெல்லாம் மறைபொருள் என்று குறித்தவர் ஹெர்ஷெல். அது அற்புதத்தால் நிகழ்வதென்று அவர் கருதவில்லை. இயற்கையான வழியில் நிகழ்வதாகவே இருக்கும் என்றார். அதே ஆண்டு ஜூனில் பீகிள் கப்பல் அங்கே நின்றபோது இளைஞர் டார்வின் அவரை நேரில் சந்தித்தார். பின்னாளில் தம் நூலின் முதல் பக்கத்திலேயே, பெயர் சொல்லாமல், அந்த மறைபொருள் என்ற சொல்லுக்கு உரியவராக ஹெர்ஷெலைச் சுட்டினார். இனங்கள் தோன்றுவதற்கு இயற்கை விதி ஒன்று உண்டு என்பதில் இருவருக்கும் பிணக்கு இருந்ததில்லை. பிணக்கு அந்த விதியின் சாயலில்.

நிகழ்தகவின் வரலாற்றை எழுதியவர்கள், குறிப்பாக 1986இல் தியடோர் போர்ட்டரும் 1990இல் இயன் ஹாக்கிங்கும், ஹெர்ஷெலை வேறொரு பாதையில் சந்திக்கிறார்கள். அங்கே அவர் பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெட்லேவுக்கும் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெலுக்கும் நடுவில் நிற்கும் இணைப்புக் கண்ணி. அந்த ஹெர்ஷெலையும் டார்வினை இகழ்ந்த ஹெர்ஷெலையும் அருகருகே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

3. 1850: குறியும் பந்தும்

1846இல் கெட்லே நிகழ்தகவு பற்றிக் கடித வடிவில் ஒரு நூல் எழுதினார். 1849இல் ஆங்கிலத்தில் வந்த அதை ஹெர்ஷெல் 1850 ஜூலை எடின்பரோ ரிவ்யூவில் விரிவாக மதிப்பிட்டார். கெட்லேவின் நூலில் வரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்புச் சுற்றளவு. நாற்பது அங்குலத்தை ஒட்டி மிகப் பலர். இரு பக்கமும் விலக விலக ஆள் குறைகிறது. இந்த அமைப்பு, ஒரே பொருளைப் பலமுறை அளக்கும்போது ஏற்படும் பிழைகளின் அமைப்பை ஒத்திருப்பதைக் கெட்லே கண்டார். ஒரே சிலையை ஆயிரம் சிற்பிகள் படியெடுத்தால் படிகள் எப்படி மூலத்தைச் சுற்றி விலகுமோ அப்படி மனிதர்கள் ஒரு 'சராசரி மனித'னைச் சுற்றி விலகியிருக்கிறார்கள் என்றார்.

ஹெர்ஷெல் இதைப் பாராட்டியதோடு நிற்கவில்லை. பிழைகளின் பரவலுக்கான விதியை எளிய வழியில் தாமே வருவித்துக் காட்டினார். உயரத்திலிருந்து ஒரு பந்தை விடுகிறோம்; தரையில் உள்ள ஒரு குறியின்மேல் அது விழ வேண்டும் என்பது எண்ணம். அது எங்கே விழுந்தாலும் குறியிலிருந்து விலகிய தொலைவு பிழை. இங்கே அவர் இரண்டே எடுகோள்களை வைக்கிறார். கிழக்கு-மேற்கு விலகலும் வடக்கு-தெற்கு விலகலும் ஒன்றையொன்று சாராதவை. பிழையின் வாய்ப்பு தொலைவைப் பொறுத்தது, திசையைப் பொறுத்ததன்று. இவ்விரண்டையும் நிறைவுசெய்யும் சார்பு ஒன்றே ஒன்றுதான்: இன்று நாம் இயல்நிலைப் பரவல் என்று பள்ளியில் படிக்கும் மணிவடிவ வளைகோடு. பந்தைப் பற்றியோ காற்றைப் பற்றியோ கையைப் பற்றியோ எதையும் அறியாமலேயே சிதறலின் வடிவம் கிடைத்துவிடுகிறது. அதே ஆண்டில் ராபர்ட் லெஸ்லி எல்லிஸ் இதை மறுத்தார்; அறியாமையிலிருந்து அறிவைப் பெற முடியாது, இரு விலகல்களும் சாராதவை என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார். எல்லிஸின் கேள்வி நியாயமானது. ஆனால் வரலாறு ஹெர்ஷெலின் வருவிப்பைப் பற்றிக்கொண்டது.

அதே மதிப்புரையில் இன்னொரு வேறுபாட்டையும் அவர் வற்புறுத்துகிறார். இதுவே நம் கேள்விக்கு முக்கியம். ஒரு நூலகத்துப் புத்தகங்களின் அளவுகளையோ ஒரு நகரத்து வீடுகளின் உயரங்களையோ கூட்டி வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணுக்கு இயற்கையில் நிகரான எதுவும் இல்லை. அது கணக்குக்கு வசதியான எண், அவ்வளவே. ஆனால் அளவுகள் ஒரு நடுவை நோக்கி ஒழுங்காகப் பெருகி, பின் ஒழுங்காகக் குறைந்தால், அங்கே உண்மையான மையம் ஒன்று இருக்கிறது. படைவீரர்களின் மார்பளவு இரண்டாம் வகை. புத்தக அலமாரி முதல் வகை.

ஹெர்ஷெலின் மனத்தில் சிதறல் இரு வகைப்பட்டது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. குறியைச் சுற்றிய சிதறல் அறிவுக்கு உணவு. அதிலிருந்து பின்னோக்கிச் சென்று குறி எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கலாம். வானியலாளர் நாள்தோறும் செய்வது அதைத்தான். குறியற்ற சிதறலோ எதையும் சொல்லாது. பந்தின் எடுத்துக்காட்டில் 'விழ வேண்டும் என்ற எண்ணம்' தற்செயலாக வந்த சொல்லன்று. எண்ணம் இல்லையென்றால் பிழை இல்லை. பிழை இல்லையென்றால் பிழையின் விதியும் இல்லை.

4. 1861: லகாடோவின் பொறி

இப்போது டார்வினின் நூலுக்கு வருவோம். அதில் புறாக்கள் வேறுபடுகின்றன, கடல் நத்தைகள் வேறுபடுகின்றன, களைச்செடிகள் வேறுபடுகின்றன. எந்த மூலச்சிலையையும் சுற்றி அவை வேறுபடவில்லை. கெட்லேவுக்கு வேறுபாடு என்பது பிழை. டார்வினுக்கு அதுவே கச்சாப்பொருள். நடுவிலிருந்து விலகியது ஒன்று பிழைத்து, பெருகி, நாளை அதுவே நடுவாகிவிடலாம். குறியே நகர்கிறது, நகர்த்துவதோ சிதறல்தான். ஹெர்ஷெலின் கணக்கில் இது புத்தக அலமாரி.

1861இல் வெளிவந்த தம் இயற்கைப் புவியியல் நூலில் ஹெர்ஷெல் ஓர் அடிக்குறிப்பில் இதைப் பேசினார். ஜோனதன் ஸ்விஃப்ட்டின் 'கலிவரின் பயணங்கள்' (1726) நூலில் லகாடோ நகரத்துக் கல்விக் கழகம் வருகிறது. அங்கே ஒரு பெரிய சட்டகம். அதில் மொழியின் சொற்களெல்லாம் எழுதி ஒட்டிய மரக்கட்டைகள். மாணவர்கள் கைப்பிடிகளைத் திருப்பினால் கட்டைகள் புரண்டு சொற்கள் புதிய வரிசையில் வந்து நிற்கும். வாக்கியத் துண்டு போலத் தோன்றியதை எழுத்தர்கள் குறித்துக்கொள்வார்கள். இப்படி எல்லா அறிவுத்துறை நூல்களையும் எழுதிவிடலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த முறை ஷேக்ஸ்பியருக்கும் நியூட்டனின் நூலுக்கும் எப்படிப் போதிய விளக்கம் ஆகாதோ, அப்படியே தற்செயல் வேறுபாடும் இயற்கைத் தேர்வும் மட்டும் உயிருலகுக்குப் போதிய விளக்கம் ஆகா என்பது குறிப்பின் சாரம். மாற்றத்தின் ஒவ்வோர் அடியையும் திசைதிருப்ப நோக்கமுள்ள ஓர் அறிவு இடையறாது செயல்பட வேண்டும். அதை ஏற்றுக்கொண்டால், மனிதனின் தோற்றம் பற்றிய சில தயக்கங்களோடு, டார்வினின் பார்வையை மறுக்கும் எண்ணம் தமக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்தக் கடைசிப் பகுதி போதிய கவனம் பெறவில்லை. ஹெர்ஷெல் பரிணாமத்தை ஏற்கிறார், விதியை ஏற்கிறார், தேர்வைக்கூட ஏற்கிறார். கேட்பது குறியை மட்டும். பந்தை விடுகிறவரின் எண்ணத்தை அவர் 1850இல் கேட்டார். 1861இலும் அதையே கேட்கிறார். 'ஹிக்கல்டி-பிக்கல்டி' என்பது குறி நீக்கப்பட்ட சிதறலுக்கு அவர் இட்ட பெயர் என்று கொண்டால் மூன்றும் ஒரே கருத்தாகப் பொருந்துகின்றன.

ஆயினும் லகாடோவின் ஒப்புமையில் ஒரு குறை இருக்கிறது. அங்கே தற்செயல் இருக்கிறது. தேர்வும் இருக்கிறது, எழுத்தர்கள் பொருளுள்ளதை மட்டுமே குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் குறித்துக்கொண்ட துண்டுகள் சட்டகத்துக்குத் திரும்பிப் போவதில்லை. அடுத்த திருப்பத்தில் கட்டைகள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து புரளுகின்றன. நேற்றைய வெற்றி இன்றைய புரட்டலுக்குத் தொடக்கமாக அமைவதில்லை. அந்தப் பொறியில் இல்லாதது மரபுவழி. டார்வினின் கோட்பாடு முழுதும் அந்த ஒன்றின்மேல் நிற்கிறது.

5. டார்வின் சொன்ன பதில்

டார்வின் தம்மைத் தற்செயலின் ஆதரவாளராக நினைக்கவில்லை. தம் நூலின் ஐந்தாம் இயலைத் தொடங்கும்போதே, வேறுபாடுகள் தற்செயலால் வந்தவை போலத் தாம் பேசிவந்தது முற்றிலும் தவறான பேச்சு என்றும், காரணம் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்கே அது உதவுகிறது என்றும் எழுதினார். ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. அந்தக் காரணம் உயிரியின் தேவையை அறியாது, அவ்வளவுதான்.

1861 மே மாதம் ஹெர்ஷெலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் விசிறிவால் புறாவை எடுத்துக்கொள்கிறார். அண்டத்தை ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது திட்டம் உண்டென்று நம்பாமலிருக்க முடியவில்லை. தனித்தனி உயிரியைப் பார்க்கும்போதோ அதற்கான சான்று தென்படவில்லை. மனிதன் தேர்ந்தெடுத்து விசிறிவால் புறாவை உருவாக்கட்டும் என்பதற்காகக் கடவுள் மாடப்புறாவின் வாலிறகுகளை வேறுபடுத்தி வைத்தார் என்று தன்னால் ஏற்க முடியாது என்கிறார். அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேயோடும் இதே விவாதம். நன்மை தரும் திசைகளில் வேறுபாடுகள் வழிநடத்தப்பட்டன என்று கிரே முன்மொழிந்தார். அதற்கு டார்வின் 1868இல், வீட்டுவளர்ப்பு உயிரினங்களின் வேறுபாடு பற்றிய பெருநூலின் முடிவில், செங்குத்துப் பாறையடியில் விழுந்து கிடக்கும் கற்களைக் கொண்டு பதில் சொன்னார். ஒவ்வொரு கல்லின் வடிவத்துக்கும் காரணம் உண்டு: பாறையின் தன்மை, விரிசல், மழை, சரிவு. ஆனால் கொத்தன் அவற்றை எடுத்து வீடு கட்டுவான் என்பதற்கும் அவ்வடிவங்களுக்கும் தொடர்பில்லை. கொத்தனை முன்னிட்டுச் சொன்னால் அவை தற்செயல்.

ஹெர்ஷெலின் தொடருக்கு இதைவிட நேரான மறுமொழி டார்வினிடம் இல்லை என்றே எண்ணுகிறேன். கற்கள் சிதறிக் கிடக்கின்றன. சிதறலுக்குக் காரணம் உண்டு, குறி இல்லை. குறியின்மையைக் காரணமின்மையாக எடுத்துக்கொள்வதுதான் பிழை.

6. இரண்டு மாத இடைவெளி

1859 செப்டம்பரில், டார்வினின் நூல் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, அபர்டீன் நகரில் நடந்த பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில் மேக்ஸ்வெல் ஒரு கட்டுரை வாசித்தார். வாயு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதி எல்லாத் திசைகளிலும் எல்லா வேகங்களிலும் பறக்கின்றன. அந்த வேகங்கள் எப்படிப் பரவியிருக்கும் என்பது கேள்வி. அவர் தந்த வருவிப்பு: மூன்று செங்குத்துத் திசைகளில் வேகக்கூறுகள் ஒன்றையொன்று சாரா, பரவல் திசையைப் பொறுத்ததன்று. ஹெர்ஷெலின் பந்து, இரு திசைக்குப் பதில் மூன்று திசையில். 1850இல் மாணவராக இருந்தபோது மேக்ஸ்வெல் அந்த மதிப்புரையைப் படித்திருக்க வேண்டும் என்று வரலாற்றாளர்கள் கருதுகிறார்கள்; 1857இல் ஹெர்ஷெலின் கட்டுரைத் தொகுப்பில் அது மறுபடியும் அச்சானது.

மேக்ஸ்வெல் செய்த மாற்றம் சிறியதாகத் தோன்றும். உண்மையில் அது பெரியது. மூலக்கூறுகளுக்குக் குறி கிடையாது. எந்த மூலக்கூறும் சராசரி வேகத்தை எட்ட முயன்று தவறுவதில்லை. ஹெர்ஷெலின் கணக்கை அவர் அப்படியே எடுத்துக்கொண்டு அதிலிருந்து எண்ணத்தை மட்டும் நீக்கிவிட்டார். பிழையின் விதி இயற்பொருளின் விதியாகிவிட்டது. ஹெர்ஷெல் கற்பித்த கணிதமே குறியில்லாத சிதறலுக்கும் விதி உண்டு என்று காட்டிவிட்டது. அவர் டார்வினை இகழ்வதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

இவ்விரண்டையும் ஒன்றாகப் பார்த்தவர்களில் முந்தியவர் அமெரிக்க மெய்யியலர் சார்லஸ் சாண்டர்ஸ் பெர்ஸ். 1877இல் எழுதிய கட்டுரையில், டார்வின் புள்ளியியல் முறையை உயிரியலுக்குக் கொண்டுவந்தார் என்றும், வாயுக் கோட்பாட்டில் இயற்பியலாளர்கள் கிளாசியஸும் மேக்ஸ்வெலும் செய்தது போன்றதே அது என்றும் சொன்னார். ஒரு மூலக்கூறு எங்கே போகும் என்று சொல்ல முடியாது; கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம். ஒரு புறாக்குஞ்சு எப்படிப் பிறக்கும் என்று சொல்ல முடியாது. இனத்தைப் பற்றிச் சொல்லலாம். புள்ளியியலர் ரொனால்ட் ஃபிஷர் 1922இல் தம் மரபியல் கணக்கை வாயுக் கோட்பாட்டோடு ஒப்பிட்டபோது இந்த வட்டம் நிறைவடைந்தது.

7. சிதறல் அழிந்துபோனால்

டார்வினுக்கு வந்த உண்மையான ஆபத்து ஹெர்ஷெலின் பக்கத்திலிருந்து வரவில்லை. 1867இல் பொறியாளர் ஃபிளீமிங் ஜென்கின் நார்த் பிரிட்டிஷ் ரிவ்யூவில் எழுதிய விமர்சனம் அதைவிடக் கூர்மையானது. பெற்றோர் இருவரின் இயல்புகளும் பிள்ளையில் கலந்து நடுத்தரமாகிவிடும் என்றே அன்று பலரும் நம்பினார்கள். அப்படியானால் அபூர்வமாகத் தோன்றும் நல்ல வேறுபாடு சில தலைமுறைகளில் கரைந்துவிடும். தேர்வு செய்வதற்குச் சிதறலே மிஞ்சாது. கலப்பு மரபில் ஒவ்வொரு தலைமுறையிலும் வேறுபாடு பாதியாகும் என்பதை ஃபிஷர் 1930இல் வெளியிட்ட நூலின் முதல் இயலிலேயே கணக்கிட்டுக் காட்டினார். விடை 1866இலேயே மெண்டலின் கட்டுரையில் அச்சாகியிருந்தது: மரபுக்கூறுகள் கரைவதில்லை, தனித்தனியே நிற்கின்றன. 1908இல் ஹார்டியும் வைன்பெர்க்கும் தனித்தனியே காட்டியது போல, தேர்வோ வேறு குறுக்கீடோ இல்லாவிட்டால் வேறுபாடு தலைமுறைதோறும் அப்படியே காக்கப்படும்.

மரபுவழி இல்லாத சிதறல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இதே ஆங்கிலத் தொடரின் பிற்கால வாழ்விலிருந்து ஒரு சான்று கிடைக்கிறது. 1962இல் ஆக்ஸ்ஃபோர்டு பொருளியலர் ஐயன் லிட்டில் பிரிட்டிஷ் நிறுவனங்களின் வருவாய் வளர்ச்சியை ஆராய்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பு 'ஹிக்கல்டி பிக்கல்டி வளர்ச்சி'. சில ஆண்டுகள் வேகமாக வளர்ந்த நிறுவனம் அடுத்த ஆண்டுகளிலும் வேகமாக வளரும் என்பது பங்குச்சந்தையின் நம்பிக்கை. லிட்டிலின் புள்ளிவிவரங்களில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை; முந்தைய வளர்ச்சி பிந்தைய வளர்ச்சியைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்லவில்லை. 1966இல் ரேனர் என்பவரோடு சேர்ந்து விரிவான தரவுகளைக் கொண்டு எழுதிய நூலும் அதே முடிவைத் தந்தது. 1967இல் லிண்ட்னரும் கிளாபரும் அமெரிக்க நிறுவனங்களைப் பற்றிய தம் ஆய்வுக்கும் அதே தொடரைத் தலைப்பில் வைத்தார்கள்.

இங்கேதான் ஹெர்ஷெலின் தொடர் முழுமையாகப் பொருந்துகிறது என்பேன். நிறுவனங்களிடையே வேறுபாடு இருந்தது. சந்தையில் தேர்வும் இருந்தது. வென்றவற்றை முதலீட்டாளர்கள் பொறுக்கி எடுத்தார்கள். ஆனால் வென்ற ஆண்டின் வெற்றி அடுத்த ஆண்டுக்குக் கைமாறவில்லை. லகாடோவின் பொறியும் லிட்டிலின் நிறுவனங்களும் ஒரே வகை. புறாக்கள் வேறு வகை.

8. மூன்று பொருள்கள்

ஒரே தொடருக்குள் மூன்று கூற்றுகள் ஒட்டிக்கொண்டிருப்பதை இப்போது பிரித்துக் காட்டலாம். காரணமற்றது என்பது ஒன்று. நோக்கமற்றது என்பது இன்னொன்று. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவியது என்பது மூன்றாவது. டார்வின் முதலாவதை மறுத்தார், இரண்டாவதை ஏற்றார். மூன்றாவது தவறு என்று பிற்கால மரபியல் கண்டறிந்தது. பாலூட்டிகளின் டிஎன்ஏவில், சைட்டோசினுக்கு அடுத்து குவானின் வரும் இடங்களில் பிற இடங்களைவிடப் பத்து மடங்கு அளவுக்குத் திடீர்மாற்றங்கள் நிகழ்கின்றன. அங்கே சைட்டோசின்மேல் அமரும் மெத்தில் தொகுதி அதை எளிதில் மாறக்கூடியதாக்குகிறது. காரணம் தெரியும், பரவல் சமமில்லை, ஆயினும் அது உயிரியின் தேவையை முன்னிட்டு நிகழ்வதன்று.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு பொறுப்பு இருக்கிறது. நம் பாடநூல்களில் புள்ளியியல் 'சமவாய்ப்பு மாறி' என்ற கலைச்சொல்லைப் பயன்படுத்துகிறது. கணித வகுப்பில் அது பழகிவிட்ட சொல். அதையே எடுத்துத் திடீர்மாற்றத்தின்மேல் ஒட்டினால் மாணவர் மனத்தில் மூன்றாவது பொருள்தான் பதியும். உயிரியல் சொல்லவருவதோ இரண்டாவது. பரிணாமத்தைப் பற்றித் தமிழில் எழும் ஐயங்களில் ஒரு பங்கு இந்தக் கலப்பினால் வருவது என்று நினைக்கிறேன். 'தேவையை நோக்காதது' என்று விரித்தே எழுதிவிடுவது நல்லது.

9. சிதறலே சாட்சியாக

ஹெர்ஷெலின் கேள்வி, சொல்லளவில் நின்றவரை, தீராத வழக்கு. அடிகளை வழிநடத்தும் அறிவு இருக்கிறது என்பதையும் இல்லை என்பதையும் 1861இல் யாரும் அளந்து காட்டியிருக்க முடியாது. ஆனால் அதன் ஒரு பகுதியை, வேறுபாடுகள் தேவைக்குப் பதிலாக எழுகின்றனவா என்பதை, ஆய்வகத்தில் கேட்க முடிந்தது. அதைச் செய்தவர்கள் சால்வடோர் லூரியாவும் மேக்ஸ் டெல்புருக்கும், ஆண்டு 1943.

ஈ. கோலி பாக்டீரியாக் கூட்டத்தின்மேல் அதை அழிக்கும் வைரஸைத் தெளித்தால் ஏறக்குறைய எல்லாம் மடியும். சில பிழைத்துக் கூட்டமாய் வளரும். அந்தப் பிழைப்புத் திறன் எப்போது வந்தது? வைரஸைச் சந்தித்தபின் அதற்கு எதிர்வினையாகவா, சந்திக்கும் முன்பே தற்செயலாகவா? இரண்டும் ஒரே சராசரியைத் தரலாம். வேறுபடுவது சிதறல். பாக்டீரியாவைப் பல குழாய்களில் தனித்தனியே வளர்த்துச் சோதிப்பதாகக் கொள்வோம். எதிர்வினையாக வந்ததென்றால் ஒவ்வொரு குழாயிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை இருக்கும். எண்களின் சிதறலை அளக்கும் பரவற்படி சராசரிக்குச் சமமாக நிற்கும். முன்பே வந்ததென்றால், தொடக்கத்திலேயே மாற்றம் நிகழ்ந்த குழாயில் சந்ததி பெருகி எண்ணிக்கை மிக உயரும்; கடைசியில் நிகழ்ந்த குழாயில் ஒன்றோ இரண்டோ இருக்கும்; நிகழாத குழாயில் ஒன்றும் இராது.

அவர்களுடைய சோதனைகளில் ஒன்றில் இருபது குழாய்கள். பதினொன்றில் பிழைத்த கூட்டம் ஒன்றுகூட இல்லை. ஒன்றில் 107, மற்றொன்றில் 64, இன்னொன்றில் 35. மீதியில் ஒன்று முதல் ஆறு வரை. சராசரி பதினொன்றைச் சற்றுத் தாண்டியது. பரவற்படியோ எழுநூறை நெருங்கியது. ஒரே குழாயிலிருந்து பல மாதிரிகள் எடுத்துப் பார்த்தபோது இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. ஆகவே அது அளவீட்டின் பிழையன்று.

இந்த எண்களை ஹெர்ஷெலின் 1850ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் சொன்ன இரு வகையில் இவை முதல் வகை: நூலகத்துப் புத்தகங்கள். நடுவை நோக்கிய ஒழுங்கான ஏற்றமும் இறக்கமும் இல்லை. பதினொன்று என்ற சராசரிக்கு நிகரான குழாய் எதுவும் இல்லை. எதையும் சொல்லாது என்று அவர் ஒதுக்கிய வகைச் சிதறல் இங்கே வாய்திறந்து பேசுகிறது. மாற்றம் வைரஸுக்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்பதை அந்தத் தாறுமாறான பரவலைத் தவிர வேறு எதைக் கொண்டும் அவர்கள் நிறுவவில்லை. 1952இல் ஜோஷுவா லெடர்பர்க்கும் எஸ்தர் லெடர்பர்க்கும் வெல்வெட் துணியில் பாக்டீரியாக் கூட்டங்களை ஒற்றி எடுத்து, வைரஸைக் கண்டே அறியாத தட்டில் எதிர்ப்புத் திறன் கொண்டவை முன்பே இருந்ததை நேரடியாகக் காட்டினார்கள். அடிகளைத் தேவை வழிநடத்துகிறது என்ற கூற்று, அதைச் சோதிக்க முடிந்த இந்த ஓர் இடத்தில், தோற்றது. நோக்கமுள்ள அறிவு ஒட்டுமொத்த அண்டத்துக்கும் பின்னால் இருக்கிறதா என்ற ஹெர்ஷெலின் பெரிய நம்பிக்கையை இச்சோதனைகள் தொடவில்லை. 1861இல் டார்வினும் அதைத் தொடாமல்தான் விட்டார்.